காற்றுக்கு ஒரு சாட்சி

செப்டெம்பர் 1, ஞாயிறு. பருத்தித்துறை

இந்தக் கொப்பியை அம்மா தந்தது டொக்டர் சொல்வது, அப்பா சாப்பிடுவது, காய்ச்சல், மருந்து எல்லாவற்றையும் அன்றன்றைக்கே எழுதி வைக்க. கூடவே, "கண்டதையும் எழுதாத" என்று ஒரு எச்சரிக்கை. காணாததை எழுதினால் அது பொய். எனவே கண்டதைத்தான் எழுதப்போகிறேன்.

நோயாளி விபரம். பெயர் குகநேசன். வயது ஐம்பத்தாறு. பாடசாலையில் பிரதி அதிபர், வீட்டில் முழு அதிபர். படிப்பிப்பது விஞ்ஞானம், பிடித்த பாடம் ஒழுக்கம். இவருடைய பெருங்குடலின் வலப்பக்கத்தில் ஒரு கட்டி. யாழ்ப்பாணத்தில் கமரா விட்டுப் பார்த்த டொக்டர் இவரிடம் படித்தவர்தான். புற்றுநோய் என்ற சொல்லைச் சொல்லும்போது அந்த டொக்டர் கதிரையை விட்டு எழும்பி நின்றுகொண்டு சொன்னாராம். வயிற்றை நீளமாகக் கிழிக்காமல் சின்னச் சின்னத் துளைகளால் இதைச் செய்யலாம், அதில் கைதேர்ந்த ஒருவர் சென்னையில் இருக்கிறார், போங்கோ சேர் என்று எல்லா ஒழுங்கையும் அவரே செய்து தந்தார்.

அம்மாவால் வர முடியாது. தம்பிக்கு ஐந்தாம் வகுப்புப் புலமைப்பரிசில் பரீட்சை இரண்டு கிழமையில் வருகிறது. எழுதப்போவது அவன், படிப்பது அம்மா. ஆகவே போவது அப்பா, அப்பாவின் தங்கை சறோ மாமி, சாதாரண தரப் பரீட்சை எழுதிவிட்டு முடிவுக்காகச் சும்மா இருக்கும் நான்.

நான் ஆரணி, பதினாறு. என்னைப் பற்றி ஒன்று மட்டும் சொல்லி வைக்க வேண்டும். போன வருடம் ஒருநாள், வலயக் கல்விப் பணிப்பாளர் பத்து மணிக்கு வருகிறார் என்று எங்கள் பாடசாலைக்குள் ஒரு தகவல் பரவியது. மதிலுக்கு வெள்ளை அடித்தார்கள். சங்கீத ரீச்சர் வரவேற்புப் பாட்டுக்குச் சுருதி சேர்த்தா. மாலை கட்டினார்கள். பணிப்பாளர் வரவில்லை, ஏனென்றால் வருவது அவருக்கே தெரியாது. மாலையைக் கடைசியில் சரஸ்வதி படத்துக்குப் போட்டார்கள். தகவல் எங்கிருந்து கிளம்பியது என்று அப்பா மத்தியானத்துக்குள் கண்டுபிடித்துவிட்டார். அன்றிலிருந்து நான் வாய் திறந்தால் அவருடைய முதல் கேள்வி, "இதுக்குச் சாட்சி ஆர்?" மழை பெய்கிறது என்றாலும் கையை வெளியே நீட்டிப் பார்த்துவிட்டுத்தான் குடையை எடுப்பார்.

செப்டெம்பர் 3, செவ்வாய். சென்னை

பெருங்குடலுக்காகப் பெருங்கடல் தாண்டிவிட்டோம். இரண்டுக்கும் எழுத்தில் ஒரு சுழிதான் வித்தியாசம். பாக்கு நீரிணை பெருங்கடல் இல்லை என்று அப்பா திருத்தினார்.

பலாலியில் விமானம் ஏறும்போதே மாமிக்கும் எனக்கும் ஒரு வழக்கு. வரப்போகும் ஒப்பரேசனைப் பத்திரிகைத் தமிழில் "சாவித்துவாரச் சத்திரசிகிச்சை" என்று சொன்னேன். அந்தச் சொல்லின் முதல் எழுத்தே சரியில்லை, வாயை மூடு என்றா மாமி. எங்களூரில் சாவிக்குத் திறப்பு என்றுதானே பெயர், திறப்புத் துவாரம் என்று சொன்னால் என்ன குறைந்துவிடுவாய் என்று கேட்டா. திறக்காமல் செய்யத்தானே மாமி இவ்வளவு தூரம் போகிறோம் என்றேன். அப்பா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். சிரித்தாரா என்று தெரியாது. சாட்சி இல்லை.

சென்னையில் ஆட்டோக்காரர் நாங்கள் கதைத்ததைக் கேட்டுவிட்டு, கேரளாவா என்றார். அப்பா மனம் நொந்து, ஆஸ்பத்திரி வரும்வரைக்கும் யாழ்ப்பாணத் தமிழின் சிறப்புகளை அவருக்கு விளக்கினார். இறங்கும்போது அவர், ரொம்ப நல்லாத் தமிழ் பேசுறீங்க சார் என்று பாராட்டினார்.

செப்டெம்பர் 5, வியாழன்

ஆஸ்பத்திரியில் சேர்ந்தாயிற்று. இரண்டு கட்டில் அறை, நடுவில் பச்சைத் திரை. ஏசி போட்டு அறையை மீன் பெட்டி மாதிரி வைத்திருக்கிறார்கள். நான் இரண்டு சட்டை போட்டிருக்கிறேன்.

திரைக்கு அந்தப் பக்கம் தணிகாசலம் அங்கிள். மாநகரப் பேருந்தில் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். அவருக்குக் குடலில் வேறு ஏதோ அடைப்பு, நேற்றுத்தான் ஒப்பரேசன் முடிந்திருக்கிறது. அதோடே கிடந்தபடி வருவோர் போவோர் எல்லோரையும் விசாரிக்கிறார். அப்பாவிடம் முதல் கேள்வியே, சார் எந்த ஸ்டாப்பிங்.

டொக்டர் ராஜகணபதி வந்தார். கட்டையான மனிதர், ஓடுகிற சப்பாத்துப் போட்டிருந்தார். ஒரு தாளில் குடலை வரைந்து, தொப்புளுக்குப் பக்கத்தில் ஒரு துளையால் கமரா, மற்றத் துளைகளால் கருவிகள், கட்டியுள்ள துண்டை வெட்டி மிச்ச இரண்டு முனையையும் இணைத்துத் தைப்போம், துண்டை வெளியே எடுக்க மட்டும் ஒரு சின்ன வெட்டு என்று விளக்கினார். அப்பா பேனாவை வாங்கி, படத்தில் விடுபட்டிருந்த சின்ன வாலை, குடல்வளரியை, போட்டுக் கொடுத்தார். டொக்டர் அதற்கு நன்றி சொன்னார்.

பிறகு டொக்டர் சொன்னதை அம்மாவுக்காக அப்படியே எழுதுகிறேன்.

"ஆபரேஷனுக்கு அப்புறம் குடல் தூங்கிடும் சார். அது முழிச்சிக்கிச்சுன்னு எனக்கு எப்படித் தெரியும்? காத்து பிரியணும். பிரிஞ்ச உடனே சொல்லணும். அதுக்கப்புறம்தான் சாப்பாடு. எனக்கு அதைவிட நல்ல சேதி கிடையாது."

அப்பாவின் காது சிவந்துவிட்டது. எங்கள் வீட்டில் அந்தச் சங்கதிக்குச் சொல்லே கிடையாது. தம்பி ஒருமுறை சாப்பாட்டு மேசையில் தவறிவிட்டபோது அப்பா எழும்பிப் போய் ரேடியோவின் சத்தத்தைக் கூட்டினார். அப்படிப்பட்ட வீட்டில் பிறந்த நான், உள்ளங்கையையும் கழுத்து மடிப்பையும் வைத்து அதே சத்தத்தை ஏழு விதமாகச் செய்வேன். கலை எங்கே பிறக்கும் என்று யாருக்குத் தெரியும்?

செப்டெம்பர் 6, வெள்ளி

காலையில் அப்பாவுக்கு ஓர் அங்கி கொடுத்தார்கள். முன்னால் மூடி, பின்னால் திறந்திருக்கும். காற்சட்டையின் மடிப்புக் கலையாமல் முப்பது வருடம் நடந்த மனிதர். மாமி அவருடைய சால்வையைப் பின்பக்கமாகச் சுற்றிவிட்டா. தள்ளுகட்டிலில் ஏறிப் படுத்ததும் மணிக்கூட்டைக் கழற்றி என் கையில் கட்டினார். தம்பிக்குப் பின்னக் கணக்கு இன்னும் விளங்கவில்லை, நீ சொல்லிக் கொடு என்றார். நீங்களே வந்து சொல்லிக் கொடுங்கோ என்றேன். "அம்மாட்ட ஒண்டு சொல்லவேணும்" என்று தொடங்கி, பிறகு ஒன்றுமில்லை என்றார். கதவு மூடியது.

எனக்குப் பயம் ஒன்றும் இல்லை. காத்திருக்கும் இடத்தில் தொலைக்காட்சி சத்தமில்லாமல் ஓடிக்கொண்டிருந்தது, ஒரு சமையல் நிகழ்ச்சி. சமைக்கிறவருக்கு நானே குரல் கொடுத்தேன். "இப்போது கத்தரிக்காயிடம் அனுமதி கேட்கிறோம்." பக்கத்தில் இருந்த குடும்பம் சிரித்தது. மத்தியானம் மூன்று இட்லி சாப்பிட்டேன். மாமி, நான் அவற்றைப் பிய்த்துப் பிய்த்துத் தட்டிலேயே வைத்துவிட்டதாகச் சொல்கிறா. மாமியின் கண்ணாடி பழையது. இன்னொன்றும் சொன்னா. கையை விடு பிள்ளை, நான் பாத்ரூமுக்குப் போகவேணும் என்று இரண்டு தரம் கேட்டாவாம். பிடித்திருந்தது எனக்கே தெரியாது.

டொக்டர் வெளியே வந்தார். நல்லபடியாக முடிந்தது, கட்டியை முழுதாக எடுத்தாயிற்று, சோதனைக்கு அனுப்பியிருக்கிறோம், முடிவு வரப் பத்து நாள் பிடிக்கும் என்றார். மாமி கும்பிட்ட கும்பிடு நேரே அவருடைய சப்பாத்துக்குப் போனது.

செப்டெம்பர் 7, சனி

பிள்ளையார் சதுர்த்தி. வெளியே மேளம். அப்பாவை எழுப்பிக் கதவுவரை நடக்கவைத்தார்கள். ஒரு கையில் சேலைன் தூண், மற்றக் கையில் வயிற்றோடு அணைத்த தலையணை. இருமினாலும் சிரித்தாலும் தையல் இழுக்குமாம், அதற்குத்தான் தலையணை. ஆகையால் அப்பாவுக்குக் கிட்ட நின்று பகிடி விடக்கூடாது என்று எனக்குத் தனியாக உத்தரவு. போட்டவர் ஜெபசெல்வி சிஸ்டர், நாகர்கோவில்காரி. சிரித்த முகம், சிரிக்காத சட்டம்.

தணிகாசலம் அங்கிளின் மனைவி கொழுக்கட்டை கொண்டுவந்து தந்தா. அப்பாவுக்குத் தண்ணீர் ஒவ்வொரு மிடறாகத்தான். உள்ளே பயறா தேங்காயா என்று மட்டும் கேட்டார். தேங்காயும் வெல்லமும் என்றேன். "பயறு போட்டாத்தான் அது கொழுக்கட்டை" என்று சொல்லிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார். அவருக்குப் பசிக்கிறது.

குடும்பத்து வாட்ஸப் குழுவில் கனடா, லண்டன், பருத்தித்துறை எல்லாம் ஒரே கேள்வியோடு காத்திருக்கின்றன. அந்தக் கேள்வியை யாருக்கும் எழுதத் தெரியவில்லை. மாமிதான் வழி கண்டுபிடித்தா. இப்போது எல்லோரும், "மணி அடிச்சிட்டுதோ?" என்று கேட்கிறார்கள். பாடசாலைக்காரரின் வயிற்றுக்குப் பொருத்தமான சொல்தான்.

இன்னும் அடிக்கவில்லை.

செப்டெம்பர் 8, ஞாயிறு

விடிய, திரைக்கு அந்தப் பக்கம் ஒரு பெரிய சத்தம். அதைத் தொடர்ந்து தணிகாசலம் அங்கிளின் குரல், "போலாம் ரைட்." சிஸ்டர்மார் கை தட்டினார்கள். அவருடைய மனைவி திருநீறு பூசிவிட்டா. பத்து நிமிடத்துக்குள் கஞ்சி வந்தது. அங்கிள் திரையை விலக்கி, "சார், வெக்கப்பட்டா வண்டி நகராது" என்று அப்பாவுக்கு அறிவுரை சொன்னார். அப்பா அந்தப் பக்கமே பார்க்கவில்லை.

பிறகு நாள் முழுக்க ஆள் மாறி ஆள் வந்து கேட்டார்கள். மருந்து கொடுக்கிறவர், இரத்தம் எடுக்கிறவர், நிலம் துடைக்கிற அக்கா. இல்லை, இல்லை, இல்லை என்று அப்பா மறுத்த விதம், களவுக் குற்றம் சாட்டப்பட்டவர் மறுப்பது மாதிரி இருந்தது. வயிறு கொஞ்சம் ஊதியிருக்கிறது. முகத்தில் எலும்பு தெரியத் தொடங்கிவிட்டது.

பின்னேரம் அவர் சுவரைப் பார்த்தபடி கிடந்தார். நான் திரைக்குப் பின்னால் நின்று, என்னுடைய ஏழில் நாலாவதைச் செய்தேன். கொஞ்சம் சிரிப்பாரோ என்று பார்த்தேன், அவ்வளவுதான். சிஸ்டர் ஓடிவந்து, "ஐயா, சந்தோசம்" என்று கோப்பில் எழுதியேவிட்டார். மாமி பிள்ளையாருக்கு நன்றி சொல்லி முடித்து, குழுவில் "மணி" என்று அடிக்கத் தொடங்கிவிட்டா. நான்தான் என்று சொல்லவேண்டி வந்தது.

சிஸ்டர் எழுதியதை வெட்டினார். அவர் ஏசவில்லை. கஞ்சி கொடுத்திருந்தால் என்ன நடந்திருக்கும் தெரியுமா என்று மட்டும் கேட்டார். தெரியாது என்றேன். தூங்குகிற குடலுக்குள் சாப்பாடு போனால் வாந்தி, வாந்தி நுரையீரலுக்குள் போனால் உயிருக்கே ஆபத்து என்றார்.

என்னுடைய ஏழு சத்தத்தையும் கொஞ்ச நாளைக்குப் பூட்டி வைக்கிறேன்.

செப்டெம்பர் 9, திங்கள்

மணி அடித்தது. அடித்ததை நான் கேட்டேன். ஒருவரும் நம்பவில்லை.

மத்தியானம் மாமி தங்குமிடத்துக்குச் சமைக்கப் போயிருந்தா. தணிகாசலம் அங்கிள் நடக்கப் போயிருந்தார். அப்பா நித்திரை. நான் கதிரையில் இருந்து, அவருடைய போர்வை மேலே ஏறி இறங்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வேறு வேலை இல்லாதபடியால்தான். அப்போது கேட்டது. நீளமாக, மெதுவாக, நடுவில் ஓரிடத்தில் நின்று யோசித்துவிட்டுத் திரும்பத் தொடங்கிய சத்தம். சிஸ்டரிடம் ஓடினேன். அவர் வந்து அப்பாவை எழுப்பிக் கேட்டார். அப்பா என்னைப் பார்த்தார், சிஸ்டரைப் பார்த்தார். இல்லை, பிள்ளை பகிடி விடுகிறாள் என்றார். சிஸ்டர் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போனார். நித்திரையில் நடந்தது, அவருக்கே தெரியாமல் இருக்கலாம் என்று நான் சமாதானம் செய்துகொண்டேன்.

ஆனால் பின்னேரம் இன்னொன்று. அப்போது அவர் முழித்திருந்தார். நானும் இருந்தேன். அவர் உடனே பெரிதாக இருமினார். தையல் இழுக்குமென்று மூன்று நாளாக அடக்கி வைத்திருந்த இருமல். ரேடியோ இல்லாத இடத்தில் வேறென்ன செய்வது?

நடைக்குக் கூட்டிக்கொண்டு போனேன். வராந்தாவின் முடிவில், ஆளில்லாத இடத்தில் கேட்டேன்.

"அப்பா, நீங்கள் ஏன் சிஸ்டரிட்டச் சொல்லேல்லை?"

"எதை?"

"உங்களுக்குத் தெரியும்."

சேலைன் தூணைச் சுவரோரமாக நிறுத்தினார். பிறகு சொன்னார். "அந்தப் பிள்ளைக்கு என்ர மாணவியளின்ர வயசு. என்னெண்டு சொல்லுறது? முப்பது வருசம் முன்னுக்கு நிண்டு கதைச்ச ஆள் நான். இஞ்ச, பின்னுக்குத் திறந்த உடுப்போட நிக்கிறன். எல்லாரும் வந்து வயித்தை அமத்தினம், எல்லாரும் கேக்கினம். இது ஒண்டாவது என்னோட இருக்கட்டும்."

சால்வை சரிந்திருந்தது, இழுத்துச் சரிசெய்துவிட்டேன். சாப்பாடு தரமாட்டார்களே என்றேன். நாளைக்குத் தானாகச் சரிவரும், டொக்டருக்குக் கைபட்டால் விளங்கும் என்றார். விஞ்ஞான ஆசிரியர்.

அம்மா தொலைபேசி எடுத்தபோது, மணி அடித்துவிட்டது, ஆனால் அதிபர் ஒத்துக்கொள்கிறாரில்லை என்று சொன்னேன். அம்மா, "உண்மையாச் சொல்லு ஆரணி, விளையாடாத" என்று அழத் தொடங்கிவிட்டா.

செப்டெம்பர் 10, செவ்வாய்

இன்றைக்கு விரிவாக எழுதவேண்டும்.

காலையில் டொக்டர் ராஜகணபதி, பின்னால் இரண்டு பயிற்சி டொக்டர்மாரோடு வந்தார். வயிற்றைத் தட்டினார், குழலை வைத்துக் கேட்டார், கோப்பைப் புரட்டினார். அவருடைய நெற்றி சுருங்கியது. "உள்ள சத்தம் கேக்குது. ஆனா நாலு நாளாச்சு, வெளிய ஒண்ணும் வரல, வயிறும் உப்பியிருக்கு. கணக்கு இடிக்குதே சார்" என்றார். மூக்கு வழியாக வயிற்றுக்குள் ஒரு குழாய் விடவேண்டும், இன்றே ஸ்கான் எடுக்கவேண்டும், இணைத்த இடத்தில் கோளாறு என்று தெரிந்தால் மறுபடி உள்ளே போகவேண்டியிருக்கும், அப்போது துளை போதாது என்றார். எந்த வெட்டுக்குத் தப்பிக் கடல் தாண்டி வந்தோமோ அதே வெட்டு. மாமி சுவரைப் பிடித்துக்கொண்டா.

அப்பா முகட்டைப் பார்த்துக்கொண்டு கிடந்தார்.

டொக்டர், காற்று பிரிந்தது, நேற்று இரண்டு தரம், நான் கேட்டேன் என்றேன். ஜெபசெல்வி சிஸ்டர் முந்தாநாள் கதையை மரியாதையாக, சுருக்கமாக, முழுதாகச் சொன்னார். டொக்டர் அப்பாவின் பக்கம் குனிந்து, சார், பிரிஞ்சுதா என்று கேட்டார். அப்பா கண்ணை மூடிக்கொண்டார். டொக்டர் தலையசைத்தார். சிஸ்டர் குழாய் எடுத்துவரப் போனார்.

அவர் திரும்பிவருவதற்கு அதிக நேரம் எடுக்கவில்லை. தட்டில் அந்தக் குழாயைப் பார்த்தேன். அது மூக்குக்குள் போகக்கூடியது மாதிரியே இல்லை.

"டொக்டர், நேற்றுக் கேட்டது நான் செய்ததில்லை. என்னால நிரூபிக்க முடியும்" என்றேன்.

அவர் மணிக்கூட்டைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். "சரி, சீக்கிரம்."

அறையின் நடுவில் போய் நின்றேன். கையைக் கழுத்தில் வைத்தேன். இது முதலாவது, காற்றுப்போன பலூன். இது இரண்டாவது, துருப்பிடித்த கதவு. இது மூன்றாவது, ஈர மணலில் செருப்பு. பயிற்சி டொக்டர்மார் சிரிப்பை அடக்க மாட்டாமல் சுவர்ப் பக்கம் திரும்பினார்கள். தணிகாசலம் அங்கிள் திரையை முழுதாக இழுத்துத் திறந்துவிட்டுப் பார்த்தார். வாசலில் நிலம் துடைக்கிற அக்கா, அவவுக்குப் பின்னால் இன்னும் யாரோ. இது நாலாவது, முந்தாநாள் சிஸ்டர் கேட்டது இதுதான். சிஸ்டர் ஆமென்று தலையாட்டினார். ஐந்து. ஆறு.

"எனக்குத் தெரிஞ்சது இவ்வளவும்தான் டொக்டர். எல்லாம் குறுகினது, எல்லாம் ஒரே மூச்சு. நேற்றுக் கேட்டது நீளம். நடுவில நிண்டு யோசிச்சிட்டுத் திரும்பத் தொடங்கினது. எனக்கு அப்பிடி வராது. வேணுமெண்டால் ஏழாவதையும் செய்து காட்டுறன்."

ஏழாவதற்குச் சத்தம் வரவில்லை. திரும்பச் செய்தேன், வரவில்லை. கை, கழுத்து எல்லாம் ஈரமாக இருந்தது. சென்னை வெக்கை. இரண்டு சட்டை வேறு. மூன்றாம் தரம் கையை வைத்தேன்.

"காணும், பிள்ளை. நிப்பாட்டு."

காலைப் பிரார்த்தனையில் கடைசி வரிசைவரை கேட்கிற குரல். நாலு நாள் சாப்பிடாத மனிதரிடம் அது எங்கே இருந்தது என்று தெரியவில்லை. பயிற்சி டொக்டர்மார் தங்களை அறியாமல் நேராக நின்றார்கள். அப்பா தலையணையை அணைத்தபடி முழங்கையை ஊன்றிக் கொஞ்சம் எழும்பினார்.

"டொக்டர், அவ சொன்னது உண்மை. நேற்று இரண்டு தரம். இண்டைக்கு விடியப்புறமும் ஒருக்கா. கேட்ட எல்லாருக்கும் நான்தான் இல்லையெண்டு பொய் சொன்னனான். பிள்ளை ஒரு பொய்யும் சொல்லேல்லை. அதுக்குச் சாட்சி நான்."

குழாய்த் தட்டு சிஸ்டரின் கையில் அப்படியே நின்றது.

"போலாம் ரைட்" என்றார் தணிகாசலம் அங்கிள், மெதுவாக.

முதலில் சிரித்தது மாமி. அண்ணனுக்கு முன்னால் மாமி அப்படிச் சிரித்து நான் கண்டதில்லை. பிறகு டொக்டர். பிறகு அப்பா. தலையணையை இரண்டு கையாலும் வயிற்றோடு அமத்திக்கொண்டு, நோவுக்கு முகத்தைச் சுளித்துக்கொண்டு, ஐயோ சிரிக்கவைக்காதேங்கோ என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தார். அந்தச் சிரிப்பின் நடுவில் வந்தது. நீளமாக, மெதுவாக, நடுவில் நின்று யோசித்துவிட்டு.

இதற்கு அறை முழுவதும் சாட்சி.

டொக்டர் கோப்பை வாங்கித் தானே எழுதினார். குழாய் திரும்பிப் போனது. வயிற்றை இன்னொரு தரம் அமத்திப் பார்த்துவிட்டு, ஸ்கான் தேவையில்லை, உப்பல் தானாக இறங்கும், இன்று நீராகாரம், நாளை கஞ்சி, எதற்கும் இன்று முழுக்கக் கவனமாகப் பார்ப்போம் என்றார். போகும்போது என்னிடம், அந்த மூணாவது எப்படிம்மா என்று கேட்டார்.

பின்னேரம் சிஸ்டர் வந்தபோது அப்பா அவரிடம் மன்னிப்புக் கேட்டார். சிஸ்டர் அழுதுவிட்டார். நான் வராந்தாவில் நின்று மூன்று இட்லி சாப்பிட்டேன். மாமி சாட்சி.

செப்டெம்பர் 11, புதன்

காலை கஞ்சி, அரைக் கோப்பை. மத்தியானம் கஞ்சி, முழுக் கோப்பை. உப்புக் குறைவு என்று புகார். ஆள் திரும்பிவிட்டார்.

செப்டெம்பர் 15, ஞாயிறு. தங்குமிடம்

போன வெள்ளி ஆஸ்பத்திரியிலிருந்து விட்டுவிட்டார்கள். தணிகாசலம் அங்கிள் எங்களுக்கு முதலே போய்விட்டார், ஆனால் தினமும் அப்பாவுக்குத் தொலைபேசி எடுக்கிறார். இருவரும் என்ன கதைக்கிறார்கள் என்பதை இந்தக் கொப்பியில் எழுத முடியாது.

தம்பிக்கு இன்று பரீட்சை. விடிய அப்பா தொலைபேசியில் அழைத்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு, பின்னக் கணக்கைக் கடைசியாக ஒரு தரம் சொல்லிக் கொடுத்தார். முடித்துவிட்டு அம்மாவிடம் கொடுக்கச் சொன்னார். அன்றைக்குச் சொல்லவந்ததைச் சொன்னாரோ என்னவோ, என்னை வெளியே போய்ப் பால் வாங்கி வரச் சொல்லிவிட்டார். பால் ஏற்கெனவே அறையில் இருந்தது. வாங்கி வந்தேன்.

செப்டெம்பர் 17, செவ்வாய்

சோதனை முடிவு வந்தது. வெட்டிய துண்டின் ஓரங்களிலும் புற்று இல்லை, நிணநீர்க் கணுக்களிலும் இல்லை, எங்கும் பரவவில்லை. மருந்து ஏற்றத் தேவையில்லை. ஒழுங்காகச் சோதித்துக்கொண்டிருந்தால் போதும்.

எழுதத் தெரியவில்லை.

செப்டெம்பர் 20, வெள்ளி. விமானம்

கையில் வைத்து எழுதுகிறேன், எழுத்து ஆடும்.

எல்லோரும் ஏறி இருந்து, பட்டி கட்டி, எந்திரம் இன்னும் தொடங்காமல், விமானம் கோயில் மாதிரி அமைதியாக இருந்த நேரம். மாமி வாய்க்குள் தேவாரம். நான் நடுவில். அப்பா ஜன்னல் பக்கம், மடிப்புக் கலையாத காற்சட்டையோடு, வயிற்றில் அந்தத் தலையணையோடு.

அப்போது கேட்டது. நீளமாக. மெதுவாக. நடுவில் நின்று யோசித்துவிட்டுத் திரும்பத் தொடங்கியது.

முன் வரிசை திரும்பியது. பக்கத்து வரிசையும் திரும்பியது. நானும் அப்பாவின் பக்கம் திரும்பினேன். அவர் ஏற்கெனவே என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார், மிகுந்த மனவருத்தத்தோடு, பிரார்த்தனையில் பிந்தி வந்த பிள்ளையைப் பார்ப்பது மாதிரி.

"வெளியிடத்தில இப்பிடிச் செய்யக்கூடாது பிள்ளை" என்றார், எல்லோருக்கும் கேட்கும்படி.

முன்னால் இருந்த ஒரு அம்மா என்னை மேலும் கீழும் பார்த்தா. மாமி சேலைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டா, தோள் குலுங்கியது. இந்தத் தரமும் நான் உண்மையாகவே ஒன்றும் செய்யவில்லை.

"நான் இல்லை" என்றேன்.

"அதுக்குச் சாட்சி ஆர்?"

கேட்டுவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். ஆனால் வெளியே மழைக்கு இருட்டிக்கொண்டு வந்தது. கண்ணாடியில் அவருடைய முகம் நன்றாகத் தெரிந்தது.